மூன்றாம் விதியும் வினைப்பயனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பின் முதல் பாடமாக இருக்கும் நியூட்டனின் 'இயக்க விதிகள்' ஆறு, ஏழிலேயே வந்துவிட வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கும் சம்மதம்தான். குமாரபாளையத்தில் 26 ஆண்டுகள் அறிவியல் நடத்தியவள் நான். பாடத்தில் இல்லாதபோதும் ஏழாம் வகுப்பில் அந்த விதிகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் சொல்லில்தான்.

அறிவியலில் 'விசை' என்றால் தள்ளுவதும் இழுப்பதும். எங்கள் ஊரிலோ 'விசை' என்றால் விசைத்தறி. கரண்ட் போனால் விசையும் போச்சு. மேசை மேல் சும்மா கிடக்கும் புத்தகத்தின் மீதும் விசை இருக்கிறது என்றால் வகுப்பே சிரிக்கும்.

விசை ஒன்று தடுக்காதவரை ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும், நிற்பது நின்றுகொண்டே இருக்கும் என்கிற முதல் விதியைப் பஸ்ஸில் போடும் சடன் பிரேக்கே நடத்திவிடும். சிக்கல் மூன்றாவதில். 'ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு' என்று சொல்லிவிட்டு உதாரணம் கேட்டேன். "தம்பியை அடிச்சேனுங்க டீச்சர், அப்பா என்னை அடிச்சுட்டாருங்க" என்றான் ஒருவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று கேட்டு வளர்ந்த காது, முதலில் ஒன்று நடக்கும், பலன் அப்புறம் வரும் என்றுதானே எடுத்துக்கொள்ளும்? இந்த விதியிலோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு விசைகளும் ஒரே நொடியில், இரண்டு வெவ்வேறு பொருள்கள் மீது. (மொழிபெயர்த்தவர்களையும் குறை சொல்ல முடியாது. 1687-இல் நியூட்டன் லத்தீனில் போட்ட சொற்களுக்கு நேர்த் தமிழ்தான் அது.)

அப்புறம்தான் அலமாரியில் கிடந்த இரண்டு சுருள்வில் தராசுகளை (எவ்வளவு இழுக்கிறோம் என்று முள்ளால் காட்டுபவை) கொக்கியோடு கொக்கி மாட்டினேன். ஒரு பக்கம் கபடி ஆடுகிற பையன், மறுபக்கம் வகுப்பிலேயே ஒல்லியான பெண். யார் தராசு அதிகம் காட்டும்? எல்லாக் கைகளும் பையன் பக்கம். அவன் இழுத்தான். இரண்டு முள்ளும் இரண்டு கிலோவில் நின்றன. "நான் இழுக்கவே இல்லைங்க டீச்சர், சும்மாதான் பிடிச்சிருந்தேன்" என்றாள் அவள். (முன்கூட்டியே இரண்டு முள்ளும் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தராசு காலை வாரிவிடும்.)

அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள். "ரெண்டும் சமம்னா மாடு எப்படிங்க வண்டியை இழுக்குது?" அதற்கே ஒரு பீரியட் போனது. வண்டியை மட்டும் பார்க்கச் சொன்னேன். மாடு முன்னே இழுக்கிறது, உராய்வு தடுக்கிறது, இழுப்பு அதிகமானால் வண்டி கிளம்பும். வண்டி திருப்பி இழுப்பது மாட்டை. அந்தக் கணக்கு மாட்டோடு சேர்ந்தது. மாடு காலால் தரையைப் பின்னே தள்ள, தரை மாட்டை முன்னே தள்ளுகிறது. சேற்றில் வழுக்கினால் எந்தக் காங்கேயம் காளையும் நகராது.

ஆகவே, நடுநிலை வகுப்புப் புத்தகத்தில் இதைச் சேர்ப்பதானால் 'நீ ஒன்றைத் தள்ளும்போதே அதுவும் உன்னை அதே அளவு தள்ளுகிறது' என்று எழுதினால் போதும். வினையும் எதிர்வினையும் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கட்டும். பத்தாவது படிக்கும் என் பேத்தி இப்படித்தான் தேர்வில் எழுதினாள். புத்தகத்து வாக்கியம் இல்லை என்று அரை மார்க் குறைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குமாரபாளையம்.