ஃபிரிச்சாயைப் பற்றிச் சாமிநாதனுக்கு

அன்புள்ள சாமிநாதா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் தீபாவளியையும் பொங்கலையும் கடத்திவிட்டேன். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். மங்களம் அனுப்பிய மூட்டுவலித் தைலம் வந்து சேர்ந்தது.

ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் என்றால் நாற்சந்தியில் கைகாட்டும் போலீஸ்காரர்தானே, ஒரு சத்தமும் எழுப்பாதவருக்கு எதற்குப் புகழ் என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஃபெரென்ஸ் ஃபிரிச்சாய் என்ற ஹங்கேரியர் 1960இல் ஷ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவுடன் நடத்திய ஒத்திகையின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். (அவர்கள் ஊர் வழக்கப்படி ஃபிரிச்சாய் ஃபெரென்ஸ் என்று சொல்ல வேண்டும், நம் இனிஷியலைப் போல அவர்களுக்கும் குடும்பப் பெயர் முன்னால் வரும்.)

எடுத்துக்கொண்டது செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா ஒரு நதியின் ஓட்டத்தை இசையாக்கிய 'மோல்டாவ்'. முதல் புல்லாங்குழல் ஓர் ஓடையாகத் தொடங்க, இரண்டாவது இன்னோர் ஓடையாக வந்து கலக்கிறது. வயலின்காரர்கள் வில்லை விட்டு விரலால் தந்தியைச் சுண்டும்போது நீர்த்துளி தெறிக்கிறது. நதி போகிற வழியிலுள்ள வேட்டையையும் கிராமத்துக் கல்யாணத்தையும் ஃபிரிச்சாய் சொல்லியும் பாடியும் காட்டுகிறார். எழுதப்பட்ட சுரங்கள் அத்தனை பேர் கையிலும் முன்பே இருக்கின்றன. எல்லோரும் ஒரே நதியைப் பார்க்கும்படி செய்வதுதான் இவர் வேலை. இந்த இசையை எழுதிய 1874ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மெத்தனாவுக்குக் காது முற்றிலும் கேளாமல் போயிருந்தது என்பதை நினைத்துக்கொண்டே பார்.

அடுத்தடுத்த அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு மேடைக்குத் திரும்பியிருந்தவர் ஃபிரிச்சாய். இடையில், வாழ்வது எவ்வளவு அழகானது என்று வாத்தியக்காரர்களிடம் சொல்கிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். சாமிநாதா, என் வயிற்றிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் சொல்லாதிருந்தேன். கடிதம் தாமதமானதற்கு அதுவே காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1961 செப்டம்பரில் பெர்லினில் புதிய ஓபரா மாளிகையை மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யுடன் தொடங்கிவைத்த ஃபிரிச்சாய், அந்த டிசம்பரோடு மேடையை விட்டார். 1963இல் பாசல் நகரில் இறந்தபோது வயது 48. அவரைப் போலவே புடாபெஸ்ட்டில் பிறந்த இன்னொரு நடத்துநர் ஷோல்டி 31 கிராமி விருதுகளோடு 84 வயதுவரை வாழ்ந்தார் என்று நீ உடனே கணக்குக் காட்டுவாய். காட்டு. பெர்லினின் ரியாஸ் வானொலி இசைக்குழுவுடனும் பெர்லின் ஃபில்ஹார்மனிக் இசைக்குழுவுடனும் ஃபிரிச்சாய் பதிவு செய்தவை அவர் பிறந்து நூறாண்டு கடந்த பின்னும் பெட்டி பெட்டியாக வெளிவருகின்றன. அவர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைக் கேட்டுவிட்டு உன் ஷோல்டியைக் கேட்டால் எனக்குச் சற்று அவசரமாகவே தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் நீ வந்தால் சேர்ந்து பார்க்கலாம். போலீஸ்காரர் என்று சொல்வதானால், படம் முடியும்வரை பொறுத்துச் சொல்.

உன்,
வேதாசலம்