முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி குறித்துப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். பள்ளி திறந்து பல வாரங்கள் ஆகியும் பிள்ளைகளின் தமிழ்மொழி நோட்டுப் புத்தகம் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதைக் கண்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிலர் விளக்கம் கேட்டிருந்தீர்கள். கேட்டது நியாயமே. நோட்டில் எழுதத் தொடங்கும் முன் கை பழக வேண்டியவற்றையே பிள்ளைகள் இப்போது பழகி வருகிறார்கள்.

மணிக்கட்டில் உள்ள 8 சிற்றெலும்புகளும் பிறப்பில் குருத்தெலும்பாக இருந்து ஒவ்வொன்றாகவே இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்கப் பெரும்பாலும் 8 வயதைக் கடந்துவிடும். ஆகவே, 7 வயதுப் பிள்ளையை ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், கை வலித்து, பென்சிலை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் பழக்கம்தான் வரும். பின்னாளில் அதை மாற்றுவது பெரும்பாடு.

வகுப்பில் பிள்ளைகள் தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதுகிறார்கள். மணல்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மீது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஓட்டியபடியே அதன் ஒலியைச் சொல்கிறார்கள். பிசைந்த மாவைக் கயிறாக உருட்டி எழுத்தாக வளைக்கிறார்கள். நேர்க்கோடுகளால் ஆன ட, ப முதலில் வரும். சுழி மிகுந்தவை பின்னர். அந்தக் கட்டத்தை எட்டும் பிள்ளை, மணலில் 'ண' எழுதும்போது "ஒரு சுழி, ரெண்டு சுழி, மூணு சுழி" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே விரலை வளைக்கும். ஒன்று குறைந்தால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் தொடங்கும். அழிப்பான் தேய்த்துத் தாள் கிழியுமோ என்ற பயமில்லை.

இது இன்று முளைத்த முறையன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்னும் பள்ளியில் மணல்தாள் எழுத்துகளைப் பயன்படுத்தினார். நம் திண்ணைப் பள்ளிகளிலோ அதற்கு முன்பே மணலில்தான் எழுதிப் பழகினார்கள். விசயதசமியன்று கோயிலில் அரிசித் தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கும் நாம், அதை ஒருநாள் சடங்கோடு நிறுத்திவிடுகிறோமே என்பது என் ஆதங்கம்.

வீட்டில் இதற்கென எதையும் வாங்க வேண்டாம். சப்பாத்தி மாவைப் பிசையவும், துணி காயப்போடும்போது கிளிப் மாட்டவும் பிள்ளையை விடுங்கள். கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் வலுப்பெறும். குட்டைப் பென்சிலைத் தூக்கி எறியாதீர்கள். சிறிய கைக்கு மூன்று விரலால் பிடிக்க அதுவே வசதி. பால்மரத் தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகளை, சாக்கட்டியால் தரையில் எழுதிய எழுத்தின்மேல் வரிசையாக அடுக்கச் சொல்லலாம். ஆனால் இந்தக் கொட்டையில் நஞ்சு உண்டு, வாயில் வைக்க விடாதீர்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக 'நூறு தடவை எழுது' என்று சொல்லாதீர்கள். எழுத்தின்மீதே வெறுப்பு வந்துவிடும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றவும் வேண்டாம். பாட்டி தாத்தா வற்புறுத்தினால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

விரல் பிடிப்பு சீரானதும் அந்தந்தப் பிள்ளைக்கு நோட்டுப் பயிற்சி தொடங்கும். எல்லாருக்கும் ஒரே நாளில் அல்ல. வகுப்பை நேரில் பார்க்க விரும்புவோர், குறிப்பாகச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்வோர், தங்களுக்கு ஏற்ற காலை நேரத்தை வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி,
கோலசிலாங்கூர் வட்டாரம்