படத்தில் நீ இல்லை

அன்புள்ள மகளுக்கு,

போனில் இடமில்லை என்று உன் தம்பி நேற்று பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தான். 2020 ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீடியோ காலில் நான் பிடித்துவைத்த படங்கள் மட்டும் 211. எல்லாம் பேரன்தான். கொட்டாவி விடுகிறான், விரல் சப்புகிறான், தூக்கத்தில் சிரிக்கிறான். ஒரு படத்தில் உன் முழங்கை இருக்கிறது. இன்னொன்றில் உன் நைட்டியின் தோள்பக்கம், பால் பட்டு நனைந்திருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை. "அவனைக் காட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டா, கேமராவைத் திருப்பு" என்று நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் இங்கே வந்திருந்தபோது, உப்புமா கிளறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய்: "அவன் பிறந்தப்ப எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேம்மா, மனசுக்கு." நான் "ஓ" என்றேன். அப்புறம் "உப்பு போட்டாச்சா?" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அந்த "ஓ"வுக்காகத்தான் இந்தக் கடிதம். நேரில் பேச உட்கார்ந்தால் நான் அழுவேன், நீ என்னைத் தேற்ற வேண்டிவரும். அந்த வேலையை உனக்கு வைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

உன் வளைகாப்புக்கென்று டவுன் ரத வீதியில் வாங்கிய கண்ணாடி வளையல் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஏப்ரலில் நாள் குறித்திருந்தோம். வளைகாப்பு முடிந்த கையோடு உன்னை இங்கே கூட்டிவந்துவிடுவது, தலைப்பிரசவம் நம் வீட்டில் என்றுதான் பேச்சு. மார்ச் 25-ல் நாடு முழுக்கப் பூட்டினார்கள். நீ சென்னையில், நான் திருநெல்வேலியில். பஸ் இல்லை, ரயில் இல்லை. இ-பாஸுக்கு உன் அப்பா மூன்று முறை மனுப் போட்டார், மூன்றும் நிராகரிப்பு. ஜூன் 19 முதல் சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் உனக்கு வலி வந்தது. மாப்பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே எல்லோரும் தலை முதல் கால் வரை கவச உடையில் இருந்ததால், பிரசவம் பார்த்த நர்ஸின் முகம்கூடத் தெரியாது என்று நீ சொன்னாய். அதை நான் ஏதோ வேடிக்கைச் செய்தி போலப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் ஊரடங்கைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்தேன். "போக விடலையே, நான் என்ன செய்வேன்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. ஆனால் ஆகஸ்ட் 17 முதல் கேட்டவர்களுக்கெல்லாம் உடனே பாஸ் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, சென்னை என்றாலே எனக்குக் குலை நடுக்கம். செப்டம்பர் 7-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடின பிறகுதான் கிளம்பினேன். அதற்குள் பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டது. அந்த மூன்று வாரம் ஊரடங்கால் போனதல்ல, என் பயத்தால் போனது. இதை உன்னிடம் சொல்லாமல் மற்றதை எழுதுவது சரியில்லை.

அதே ஆகஸ்டில் ஒருநாள் விடிகாலை நீ கூப்பிட்டாய். "இவனைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலம்மா" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "நாங்கல்லாம் பெத்துக்கலையா ஏட்டி? அப்படிப் பேசாதே, பிள்ளைக்கு ஆகாது" என்றேன். பூண்டுக் குழம்பு வைத்துச் சாப்பிடு, தெம்பு வரும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவை மட்டும் திருப்பினாய்.

நீ ஊருக்குப் போனதும் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். எனக்காக இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. பொறுமையான பெண். பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை வருவது பாதிக்கு மேல் தாய்மாருக்கு உண்டாம், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுமாம். பேறு முடிந்த உடனே உடம்பில் ஹார்மோன் சடாரென்று விழுவதும் அதற்கு ஒரு காரணம் என்றார். இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், "நான் நல்ல அம்மா இல்லை" என்கிற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்கிற நோய், அதற்கு வைத்தியம் உண்டு. நம் நாட்டில் ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு வருகிறதாம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம் தெருவிலேயே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

எடின்பரோ அளவுகோல் என்று ஒரு தாள் காட்டினார். பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றி. 1987-லிருந்து இருக்கிறதாம். முதல் கேள்வியே, உன்னால் சிரிக்க முடிகிறதா என்பதுதான். கடைசிக் கேள்வி, உன்னையே ஏதாவது செய்துகொள்ள நினைத்தாயா என்பது. அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். உன்னிடமும் இதைக் கேட்டிருப்பார்கள். நீ எதில் குறி போட்டாய் என்று நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அந்த இரண்டரை மாதமும் நான் உன்னிடம் கேட்டவை இரண்டே இரண்டு: பால் குடிச்சானா, வெளிக்குப் போனானா?

நீ வீடியோவில் டாக்டரிடம் பேசினேன் என்றாயே, அதையும் கேட்டேன். போனில் வைத்தியம் பார்க்கலாம் என்கிற வழிமுறை 2020 மார்ச் 25-ல்தான் வந்ததாம். உன்னைப் பூட்டிய அதே நாள். பேரனைப் பார்க்க நான் கூப்பிட்ட அதே போனில்தான் நீ வைத்தியமும் பார்த்திருக்கிறாய். பால் கொடுக்கிறவர்களுக்கும் கொடுக்கக் கூடிய மாத்திரைகள் இருக்கின்றன என்று அந்த அம்மா சொன்னார். அப்போது நீ சொல்லியிருந்தால், "மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கியா" என்று நான் கத்தியிருப்பேன். சொல்லாமல் இருந்தது நல்லதுக்குத்தான்.

1992-ல் நீ பிறந்தபோது ஆச்சி என்னை நாற்பது நாள் தனியாக விடவில்லை. பச்சை உடம்புக்காரியைக் காற்றுக் கருப்பு அண்டும் என்று தலைமாட்டில் பாக்குவெட்டி வைத்தாள். பாக்குவெட்டி என்னத்தைக் காப்பாற்றியதோ, ஆச்சி அந்த அறையில் படுத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, வேது பிடித்து, பத்தியம் பொங்கி, நடுராத்திரி நீ வீறிட்டால் என்னைத் தட்டி எழுப்பாமல் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். உனக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. குளிப்பாட்ட வருகிற அம்மாவைக்கூட உங்கள் அபார்ட்மெண்டில் உள்ளே விடவில்லை. மாப்பிள்ளை அடுத்த அறையில் காதில் ஹெட்போன் மாட்டி ஆபீஸ் வேலை. பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

அதற்காக நான் வந்திருந்தால் உனக்கு ஒன்றும் வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். என் சித்தி ஒருத்தி இருந்தாள், உனக்குத் தெரியாது. 1976, எனக்குப் பத்து வயது. ஆண்பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் தூங்காமல், தானாகப் பேசிக்கொண்டு, "இது என் பிள்ளை இல்லை" என்றாள். ஜன்னி என்றார்கள், பேய் என்றார்கள், கோடாங்கி வந்து உடுக்கு அடித்தான். வீடு கொள்ளாமல் ஆள் இருந்தது. ஒருத்தர்கூட அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை, பிள்ளையைப் பிடுங்கி வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்கள். ஆயிரத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருகிற கடுமையான நிலை அது, உடனே வைத்தியம் பார்த்தால் தேறிவிடுவார்கள் என்று அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குச் சித்தியின் முகம்தான் வந்தது. இப்போது 2017 மனநலச் சட்டப்படி, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாதாம். சித்திக்கு அதெல்லாம் எட்டவில்லை.

சரி, இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இப்போது உனக்கு ஐந்தாம் மாதம். முதல் தடவை வந்தவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்றார், அதனால் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் பழைய கதையை இப்போதே சொல்லிவிடு. உன் மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் வந்து சொல்கிறேன். ஏழாம் மாதமே வந்துவிடுவேன், இங்கே கூட்டிவருவதா அங்கேயே இருப்பதா என்பதை நீ முடிவு செய். இராத்திரி பதினொன்றிலிருந்து நாலு வரை பிள்ளை என் பொறுப்பு. உனக்குத் தொடர்ந்து தூக்கம் கிடைத்தாக வேண்டும் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். பால் புகட்ட எழுப்ப வேண்டியிருந்தால் மட்டும் எழுப்புவேன், மற்றபடி கையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன், முழங்கால் வலியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லேகியம் கிளறிக் கொண்டுவருகிறேன், பிடிக்காவிட்டால் கொட்டிவிடு. மனசு சரியில்லாதபோது கூப்பிட்டுப் பேசுகிற அரசாங்க உதவி எண், டெலி மானஸ் 14416-ஐ நம் வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன். அது 2022-ல்தான் வந்தது, உனக்கு அப்போது இல்லாமல் போனது. மாப்பிள்ளையையும் குறித்துக்கொள்ளச் சொல்.

அந்த 211 படங்களையும் அழிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எடுத்ததும் போனை அவனிடம் கொடுத்துவிடாதே. நீ ஜன்னல் பக்கம் வந்து உட்கார், வெளிச்சத்தில்.

அம்மா