கெட்டும் பத்துப்பாத்திரமும்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. வீட்டில் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. வேலைக்கு வருகிற அம்மாவும் ஊருக்குப் போயிருக்கிறார். ஆக, சமையலில் பாதியும் பத்துப்பாத்திரம் முழுக்கவும் என் தலையில். இட்லித் தட்டின் குழியில் காய்ந்த மாவு என்ன தேய்த்தாலும் போகாது, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப் போட வேண்டும் என்பதை அறுபத்திரண்டு வயதில் கண்டுபிடித்திருக்கிறேன்.

அந்த அரைமணி நேரங்களில்தான் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினை மறுபடி எடுத்தேன். ஹாஸ்டலில் நாம் மாற்றி மாற்றிப் படித்தோமே, அட்டை கிழிந்த மந்திரவாதி நாவல் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ', அதில் ஆரம்பித்து வரிசையாக. பின்னால் பெரிய மந்திரவாதியாகிற கெட், அப்போது ஏழு வயதுப் பையன், கூரை மேல் ஏறிய ஆட்டைப் பார்த்துச் சூனியக்காரப் பெரியம்மா சொன்ன வார்த்தையைக் காதில் வாங்கி, மறுநாள் மேய்ச்சலில் அதையே கத்துகிறான். ஆடுகள் எல்லாம் வந்து அவனை நெருக்கியடித்து நிற்கின்றன, விலக்கத் தெரியாமல் அழுதுகொண்டு ஓடுகிறான். அந்தப் பக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்காவது புத்தகம் 'டெஹானு'வை நீ வாங்கி அனுப்பியபோது ஐம்பது பக்கம் தாண்டாமல் உனக்கு என்ன எழுதினேன், நினைவிருக்கிறதா? 'மந்திரமே இல்லாத மந்திரவாதிக் கதை, எழுதின அம்மாவுக்கு வயதாகிவிட்டது.' அதை வாபஸ் வாங்குகிறேன். 1990-ல் அது வந்தபோது லெ குவினுக்கு அறுபது. இப்போது எனக்கு அதைவிட இரண்டு கூட.

முதல் மூன்று நாவல்களும் 1968-லிருந்து 1972-க்குள் வந்துவிட்டன. யோசித்துப் பார், கெட் படித்த அந்த ரோக் தீவு மந்திரப் பள்ளியில் ஒரு பெண் கிடையாது. பெண்களின் மந்திரம் பலவீனமானது என்று கெட்டின் ஊரில் பழமொழியே உண்டு. நாம் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எழுதியவருக்கு உறுத்தியிருக்கிறது, பதினெட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அதே உலகத்தை அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எழுதினார். சொந்த வீட்டுக் கூரையைத் தானே பிரித்துப் பார்க்கிற துணிச்சல் எத்தனை எழுத்தாளர்களுக்கு வரும், சொல்.

'டெஹானு'வில் கெட்டிடம் சக்தி எல்லாம் தீர்ந்துபோயிருக்கிறது. மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவனாக இருந்த பழைய ஆர்ச்மேஜ், மலைமேல் ஆடு மேய்க்கிறான். ஆட்டில் ஆரம்பித்தவன் ஆட்டிலேயே வந்து நிற்கிறான்; அன்று இதைச் சரிவு என்று நினைத்தேன், இன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாவது நாவலின் நாயகி டெனார் இதில் நடுத்தர வயது விதவை, தீயில் கருகிய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கப்பல் வேலையிலிருந்து திரும்பிய மகன் சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்திருக்கிறான். அது பெண்கள் வேலையாம். இந்த அடுப்படியில் சாப்பிடுகிற எல்லோருடைய வேலையும்தான் என்கிறாள் டெனார். என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறான். இதைப் படித்தபோது என் கையில் சோப்பு நுரை! முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நான் அந்த மகனாகத்தான் இருந்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். 'இப்போதாவது தெரிந்ததே, வாணலியின் அடியையும் தேய்' என்றாள்.

லெ குவின் இதையெல்லாம் வாழ்ந்து பார்த்துத்தான் எழுதினார். போர்ட்லாந்தில் வீடு, மூன்று பிள்ளைகள், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எழுத்து. கணவர் சார்லஸ் சரித்திரப் பேராசிரியர். ஒரு ஆள் இரண்டு முழுநேர வேலை பார்க்க முடியாது, ஆனால் நேர்மையாகப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டு பேர் மூன்று முழுநேர வேலை பார்க்கலாம் என்று லெ குவின் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். (சம்பந்தமில்லாத செய்தி: பெர்க்லி ஹைஸ்கூலில் 1947-ல் முடித்த அதே செட்டில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக்கும் உண்டு. பள்ளியில் இரண்டு பேருக்கும் பழக்கமே இல்லையாம்!)

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். லெ குவினுடைய அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர் பெரிய மானிடவியலாளர். கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஒரு மனிதர் 1911-ல் காட்டிலிருந்து வெளியே வந்தார். தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சொல்லி அறிமுகப்படுத்தச் சொந்த ஜனத்தில் ஒருவரும் மிச்சமில்லை. க்ரோபர் அவருக்கு 'இஷி' என்று வைத்தார், அவர்கள் மொழியில் 'மனிதன்'. 1916-ல் இஷி இறந்தார், உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாமலே. லெ குவினின் அம்மா தியோடோரா 1961-ல் இஷியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஏழு வருஷம் கழித்து மகள் எழுதுகிறார், உண்மைப் பெயரை உயிர் போல ஒளித்துவைக்கிற ஒரு உலகத்தை. நேர்த் தொடர்பு என்று நான் சாதிக்கவில்லை, ஆனால் தாத்தாவின் பெயரைக் கடைசிவரை வாயால் சொல்லாத என் பாட்டியை நினைத்தால் எனக்கு ஏதோ புரிகிறது.

முதல் நாவலில் கெட் தன் கர்வத்தால், மந்திரம் போட்டு, அந்தத் தீய நிழலை அவிழ்த்துவிட்டு, முகமெல்லாம் தழும்போடு, பள்ளியில் எல்லோரும் ஒதுங்கிப்போகிற நேரத்தில் நண்பன் வெட்ச் விடைபெற வருவானே. கேட்காமலே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவானே. அந்த இடத்தை இந்தத் தடவை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் வருஷம் நான் பேப்பரில் கோட்டைவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, நீ வந்து உன் வீட்டில் கூப்பிடுகிற அந்தக் கேவலமான செல்லப் பெயரைச் சொன்னாய். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட.

'டெஹானு'வை நாளைக்குக் கூரியரில் போடுகிறேன், இருபதாம் பக்கம் வாக்கில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும், கண்டுகொள்ளாதே. வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காமல் நாலு வரி எழுது. குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது, போகிறேன்.

உன்,
ராமு