ஒளிபரப்பு நேரக் கணக்கை வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு, பொது ஒளிபரப்பின் நடுநிலை பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். செய்தியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; மலேசியாவின் அரசு வானொலி, தொலைக்காட்சியான ஆர்.டி.எம். தொடர்புத் துறை அமைச்சின் கீழ் இயங்கும் அரசுத் துறை, ஆட்சி மாறினால் மேலிடமே மாறிவிடும், அப்புறம் யாரைப் பகைத்துக்கொண்டு எதிர்க்கட்சியின் பேச்சை முழுதாகப் போடுவார்கள்? பிரிட்டனின் பிபிசி மீதும் ஒருதலைப்பட்சப் புகார் ஓயவில்லைதான், ஆனால் அங்கே புகாரை விசாரிக்க ஆஃப்காம் என்ற வெளி அமைப்பு இருக்கிறது.

ஆட்சியை மாற்றிய பொதுத்தேர்தல் இரவு, 2018 மே 9, பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேதான் இருந்தது, என்றாலும் அப்பா உட்பட எல்லாரும் முடிவுகளைக் கைப்பேசியில் தேடினோம். ஆர்.டி.எம்.மின் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையை மட்டும் கேட்கும் முதியவர்கள் என்ன செய்வார்கள்? தேர்தல் காலத்திலாவது எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிடம் தரப்பட்டது என்ற கணக்கை வாரந்தோறும் வெளியிட்டு, நாடாளுமன்றக் குழு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு