விட்டுக்கொடுத்த விலை யாருக்குப் போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் '15 வேலம்பாளையம்' என்ற பகுதியில் 22 தையல் மெஷின் போட்டு, ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கூலிக்கு, அதாவது ஜாப் ஒர்க்காக, துணி தைத்துக் கொடுக்கிறேன். 2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. வாரச் சம்பளம் போட உட்கார்ந்திருந்தேன். ஓவர்லாக் தைக்கும் பெண் போனை நீட்டினாள். "ஏனுங்க்கா, அமெரிக்கா வரி போயிருச்சாமா? கோர்ட்டுல சொல்லிட்டாங்களாம்." நம் சரக்கின் மேல் அமெரிக்கா போட்ட கூடுதல் இறக்குமதி வரி செல்லாது என்று அங்கே ஒரு நீதிமன்றம் சொன்ன செய்தி அது. கைமடிக்கிற பெண்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். செக்கிங் பார்க்கும் அம்மா, "அப்ப இந்தத் தீபாவளிக்கு போனஸ் உண்டு" என்று சொல்லிச் சாமி கும்பிட்டார். எனக்கும் நெஞ்சு லேசானது.

அன்று ராத்திரி மகளை உட்கார வைத்துச் செய்தியை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தலைப்பைப் பார்த்து நாங்கள் புரிந்துகொண்டது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. அதனால்தான் இந்தக் கடிதம்.

தீர்ப்பு வந்தது உண்மை. வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 4 என்று சொல்லியிருக்கிறார்கள். அதிபர் டிரம்ப் கையில் எடுத்தது 1977-ல் வந்த அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். அதில் இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று இருக்கிறதே தவிர, வரி என்ற சொல்லே இல்லை. அளவும் காலமும் இல்லாமல் உலகத்துக்கே இப்படி வரி போட அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்பதுதான் தீர்ப்பு. வழக்குப் போட்டவர்களில் 12 மாநிலங்கள் உண்டு, ஐந்து சிறு வியாபாரிகளும் உண்டு. நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்கிறவர் ஒருவர். வெர்மான்ட் மாநிலத்தில், சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு உடுப்பு விற்கும் சின்னக் கம்பெனி ஒன்று. துணி விற்றுப் பிழைக்கிறவர்கள் தங்கள் நாட்டு அதிபர் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்ததைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் தீர்ப்பை அக்டோபர் 14 வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உச்ச நீதிமன்றம் போக அரசுக்கு அவகாசம் வேண்டுமென்று. அதுவரை அங்கே துறைமுகத்தில் வரி வசூல் அப்படியேதான் நடக்கும். தீபாவளி அக்டோபர் 20. நடுவில் ஆறு நாள். போனஸுக்குக் கணக்குப் போடும் எந்தக் கம்பெனியும் அந்த ஆறு நாளை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது. இந்தத் தீர்ப்பின் நிவாரணம் எல்லா இறக்குமதியாளருக்குமா, வழக்குப் போட்டவர்களுக்கு மட்டுமா என்பதையும் மறுபடி யோசிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. நம் நாட்டுச் சரக்கின் மேல் இந்த 2025 செப்டம்பர் தொடக்கத்தில் கூடுதல் வரி 50 சதவீதம். அதில் முதல் 25 ஆகஸ்ட் 7-ல் வந்தது. அது இந்த வழக்கில் விசாரித்த வரிகளில் ஒன்று. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் ஏற்றிய அடுத்த 25 தனி உத்தரவு. சட்டம் அதே 1977 சட்டம்தான், ஆனால் அந்த உத்தரவு இந்த வழக்கில் இல்லை. பருத்தி டி-சர்ட்டுக்கு முன்பே இருந்த 16.5 சதவீதம் எந்தத் தீர்ப்பு வந்தாலும் இருக்கும். நமக்குப் போட்டியான பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 என்றால், நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். கோவையில் இரும்புச் சாமான், மோட்டார் வாகன உதிரிபாகம் அனுப்புகிறவர்களுக்கான வரி 1962-ல் வந்த வேறொரு சட்டத்தில் போட்டது. அதை இந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். வரியைக் கட்டுகிறவர் அமெரிக்காவில் சரக்கை இறக்கும் இறக்குமதியாளர். நாளைக்கு உச்ச நீதிமன்றமும் வரி செல்லாது என்று சொல்லி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், அவர் கைக்குத்தான் போகும். ஆனால் அந்தச் சுமையில் ஒரு பங்கை இங்கே இறக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேலை தருகிற ஏற்றுமதியாளரிடம் பையர், அதாவது சரக்கை வாங்கும் அமெரிக்கக் கம்பெனிக்காரர், 12 சதவீதம் தள்ளுபடி வாங்கினார். ஏற்றுமதியாளர் என்னிடம் பீஸுக்கு 14 ரூபாய் பேசியதை 12.50 ஆக்கினார். குழந்தைகள் டி-சர்ட் 18,000 பீஸ். 27,000 ரூபாய் என் கணக்கில் குறைந்தது. டெய்லர்களின் பீஸ் ரேட்டில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நகையைக் கொண்டுபோய் வைத்துச் சம்பளம் போட்டேன். இந்த 12 சதவீதமும் என் ஒன்றரை ரூபாயும் எந்தக் காகிதத்திலும் 'வரிக்காக விட்டுக்கொடுத்தது' என்று எழுதப்படவில்லை. போனில் பேசி முடித்ததுதான்.

எழுதப்படாத பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே ஏற்றுமதியாளர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: இனிமேல் தள்ளுபடி கொடுத்தால், இது வரிக்காக, வரி திரும்பக் கிடைத்தால் எங்களுக்கும் இத்தனை பங்கு என்று ஆர்டர் ஒப்பந்தத்திலேயே ஒரு வாக்கியம் எழுதி வாங்குங்கள். எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் அதே மாதிரி எழுதிக் கொடுங்கள். பையர் மறுக்கலாம். சங்கங்கள் சேர்ந்து கேட்டால் அவ்வளவு எளிதாக மறுக்க முடியாது.

2011 ஜனவரி 28 எனக்கு மறக்காது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் விவசாயிகள் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள். என் வீட்டுக்காரர் அப்போது சாயப்பட்டறையில் வேலை செய்தார். கரண்டைத் துண்டித்த பிறகுதான் தீர்ப்பில் என்ன இருந்தது என்றே எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆற்றைப் பார்த்தவள் என்பதால் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே யாராவது நல்ல தமிழில் விளக்கியிருந்தால் நாலு மாதம் வட்டிக்கு வாங்கித் தின்றிருக்க மாட்டோம் என்பதுதான் என் ஆற்றாமை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்த வரி போனது, எது இன்னும் இருக்கிறது, எந்தத் தேதி வரை என்பதைப் பெரிய எழுத்தில் வெள்ளிக்கிழமை பத்திரிகையில் போடுங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும்போது எங்கள் யூனிட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகி,
15 வேலம்பாளையம், திருப்பூர்.
1-9-2025