பயிற்சி மையத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ராணுவ ஆள் சேர்ப்பில் தேறி, பயிற்சி மையத்துக்குப் போகும் நாளை எதிர்பார்த்திருந்த நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த நீங்கள் பலரும் உதவினீர்கள். பொதுவாக ஒரு நன்றி சொல்லி நோட்டீஸ் ஒட்டுவதைவிட, யார் செய்த உதவி எதற்குப் பயன்பட்டது என்று விவரமாக எழுதுவதே முறை என்று பட்டது. அடுத்த ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கும் ஆகும்.

ஆள் சேர்ப்பில் தேறுவது வேறு, பயிற்சியில் தாங்குவது வேறு. ஆள் சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், தொங்கி ஏறும் இரும்புப் பாரில் 10 முறை ஏறினால் 40. 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். எல்லாம் ஒரே காலையில் முடிகிற காரியம். பயிற்சி மையத்தில் ஓட்டம், பரேடு, கயிறு ஏற்றம், முதுகில் பாரத்தோடு நடை என்று மாதக்கணக்கில் நாள் தவறாமல் போகும். ஆர்டர் வந்த சந்தோஷத்தில் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போகிறவனுக்கு, அங்கே மூச்சை முந்திக்கொண்டு கால் எலும்பு கைவிடும். மூச்சு சில வாரத்தில் பழகும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். நாங்கள் உங்களிடம் கேட்ட உதவி எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

முதல் நன்றி, மைதானம் தந்த பள்ளிக்கும், விடியுமுன் கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அண்ணாச்சிக்கும். அடுத்தது, ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு. 200 மீட்டர் வட்டத்தை அவர் அளந்த விதத்தைக் குறித்துவைத்திருக்கிறோம்: நேர்கோடு இரண்டு, ஒவ்வொன்றும் 40 மீட்டர், இரண்டு முனையிலும் அரைவட்டம், முளையடித்து 18.90 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்புக் கோடு. ஓடுகிறவன் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுவான் என்பதால், ஓடும் தூரம் 19.10 மீட்டர் ஆரத்துக்குக் கணக்காகி, சுற்று சரியாக 200 வரும். கயிறு பிடித்து அளக்கவே கூடாது என்றார்; கயிறு இழுபடும், இரும்பு டேப்தான் வேண்டும். கண்ணளவில் போட்ட வட்டம் 185 மீட்டராக இருந்தால் 8 சுற்றில் 120 மீட்டர் குறையும். அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 25 நொடி. ஊரில் 5 நிமிடம் 20 நொடி என்று நம்பிப் போகிறவன் அங்கே 5 நிமிடம் 45 நொடியில் வந்து நிற்பது இதனால்தான்.

8 சுற்றும் 5 நிமிடம் 30 நொடிக்குள் முடிய, இந்த வட்டத்தில் சுற்றுக்கு 41 நொடி. முதல் சுற்றை 33-இல் ஓடுகிறவன் ஐந்தாவது சுற்றில் நடப்பான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 82 நொடியில் ஆறு முறை. நடுவில் இரண்டு நிமிட நடை. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம், 25 முதல் 40 நிமிடம். ஞாயிறு ஓய்வு. தினமும் நேரம் பார்த்து ஓடுவது வீரம் இல்லை, காலைக் கெடுக்கிற வேலை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓடுகிறவர்கள் நேரமே பார்க்க வேண்டாம். அந்தக் காற்றில் எந்தக் கணக்கும் நிற்காது.

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்களுக்கும் அங்கே பால் வெட்டும் அண்ணன்மாருக்கும் தனி நன்றி. லாரி போகும் செம்மண் பாதையில் ஓட விட்டீர்கள். தார் ரோட்டைவிடக் காலுக்கு அது எவ்வளவோ மேல். மரவரிசைக்குள் நுழைந்து பால் வடியும் சிரட்டையைத் தட்டிவிடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம், பெரும்பாலும் கேட்டார்கள். கடற்கரையில் வலை காயப்போடும் இடத்தை ஒதுக்கித் தந்தவர்களுக்கும் நன்றி. மணலில் ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை: காய்ந்த மணலில் ஆரம்பத்தில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். ஈர மணல் இறுகியிருந்தாலும் கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் தாழ்ந்தே ஓடும். போன தூரத்துக்கு அதே கரையில் திரும்பி வந்தால்தான் சமன்.

பார் அடித்துத் தந்த திங்கள்சந்தை வெல்டிங் பட்டறைக்காரருக்கு: ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப், வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர், 8 அடி உயரம், தூண் இரண்டரை அடி கான்கிரீட்டில். மெல்லிய கம்பியில் பழகினவனுக்குத் தடித்த பாரில் பிடி நழுவும். அதனால்தான் இந்த அளவு கேட்டோம். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால் உப்புக்காற்று அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும் என்று, கேட்காமலே அந்த மூட்டுகளில் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தார். ஒரு முறைகூட ஏற முடியாத பிள்ளைகள் ஸ்டூலில் நின்று மோவாயைப் பாருக்கு மேலே கொண்டுபோய், ஐந்து நொடி எண்ணி இறங்கட்டும். ஐந்து ஐந்தாக மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கை முழுக்க நீளாமல் பாதியில் திரும்புவதும் காலை உதறி ஏறுவதும் எண்ணிக்கையில் சேராது.

பாரப் பை தைத்த டெய்லர் அக்காவுக்கும், பூட்ஸ் பார்த்துத் தந்த செருப்புத் தொழிலாளி அண்ணனுக்கும் நன்றி. பையில் மணலைப் பாலித்தீன் கவரில் கட்டி, பழைய சாரத்தில் (லுங்கியில்) சுற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே உயரமாக உட்கார வைக்க வேண்டும். கீழே தொங்கினால் இடுப்பு போகும். 5 கிலோவில் தொடங்கி, வாரம் ஒரு முறை 4 கிலோமீட்டர் நடை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2 கிலோ கூட்டலாம், 15-ஐத் தாண்ட வேண்டாம். பாரத்தோடு ஓடவே கூடாது. புது பூட்ஸைப் போகிற வாரத்தில் வாங்காமல் ஒரு மாதம் முன்பே வாங்கி, தினம் அரைமணி நேரம் நடந்து பழக்க வேண்டும். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள்.

மருத்துவ விஷயத்தில் மூன்று பேரை மறக்க முடியாது. வர்ம ஆசான் ஒருவர், தைலம் தடவிவிடச் சொல்லி வந்த பையனின் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரே புள்ளியில் குத்துகிற வலி. ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார், முடியவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை மூடிவைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். எலும்பு நெடுக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் போதும். ஒரே புள்ளியில் வலித்தால், அதுவும் ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், எலும்பில் கீறல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். படம் சுத்தம் என்று ஓடத் தொடங்கிவிடக்கூடாது.

மெடிக்கல் ஷாப் அண்ணன், ஓட்டத்துக்கு முன்னால் போட வலி மாத்திரை கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்கா எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்த்தார். குறைவாக இருந்தவர்களுக்கு, சோறு தின்ற கையோடு சாயா குடிக்காதே, ஒரு மணி நேரம் போகட்டும் என்றார். சாயா இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டுவிட்டு, மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று அவர் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

சின்னமுட்டம், குளச்சல் துறைகளில் உடைத்த ஐஸ் தந்த போட்டுக்காரர்களுக்கு நன்றி. சுளுக்கு விழுந்த முதல் இரண்டு நாள் தைலம் போட்டுத் தேய்க்காமல், துவர்த்தில் (துண்டில்) சுற்றிய ஐஸ் 15 நிமிடம். நேரே தோலில் வைக்கக்கூடாது. வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது சாப்பாடு. பவுடர் டப்பா வாங்கித் தராமல் பயறும் கஞ்சியும், முள்ளோடு தின்கிற நெத்திலியும், சாளையும், கேழ்வரகுக் கூழும் தந்தீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வரை உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்ததும் நல்ல பழக்கம். நீலகிரியில் உள்ள வெல்லிங்டன் பயிற்சி மையத்துக்குப் போகிறவர்கள் இதை அங்கும் விட வேண்டாம். ஏறக்குறைய 6,000 அடி உயரத்துக் குளிரில் தாகம் எடுக்காது, உடம்பு மட்டும் வற்றும்.

கடைசியாக ஒன்று. பயிற்சிக்குப் போன பிள்ளைகளின் பாரப் பைகள் சில இன்னும் வீட்டில் இருக்கின்றன. மணலைக் கொட்டி, பையைத் துவைத்து, மைதான வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
பயிற்சி அளிக்கும் முன்னாள் படைவீரர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்